கேட்கப் போவதும் சொல்லப் போவதும்

யட்டவத்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராகப் பொறுப்பேற்கிறவர் முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டு எத்தனை மணிக்கு, இறப்பர் மலையில் பால் அளந்து முடிய எத்தனை மணியாகும், சம்பளம் எந்தத் தேதி, முற்பணம் எந்தத் தேதி, அம்மன் கோயில் திருவிழா எந்த மாதம். வலயக் கல்வி அலுவலகம் கையளிக்கும் கோவைகள் எதிலும் இவை இரா. இவை தெரியாமல் ஒரு பெற்றோர் கூட்டத்தைக்கூட உருப்படியாக நடத்திவிட முடியாது.

இந்தப் பக்கம் நுவரெலியா மாதிரி இல்லை. அங்கே கண்ணுக்கெட்டிய வரை ஒரே தேயிலை, ஒரே தோட்டம், அடுத்தடுத்து லயங்கள். இங்கே மிளகும் கொக்கோவும் இறப்பரும் தென்னையும் கலந்து நிற்கும். சிங்களக் கிராமமும் தோட்டமும் வேலி தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தமிழ்க் குடும்பங்கள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சிதறி இருக்கும். பாடசாலையும் அதற்கேற்ற அளவில் சிறியது. இப்படிப்பட்ட பாடசாலைக்குப் பணம் படைத்த பழைய மாணவர் சங்கம் இருக்காது. மாத்தளை நகரத்துப் பாடசாலைகளுக்கு உள்ளது போல் வைத்தியரும் பொறியியலாளரும் கொழும்பிலிருந்து வந்து மேடையேறமாட்டார்கள். பெற்றோர், தோட்ட நிருவாகம், கோயில் கமிட்டி, தொழிற்சங்கத் தலைவர்மார், பக்கத்துக் கிராமம், அங்குள்ள பௌத்த விகாரையான பன்சல, கோட்டக் கல்வி அலுவலகம், பிரதேச சபை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்துத்தான் ஒரு பாடசாலையைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒருவரை இழந்தாலும் ஈடுசெய்ய இன்னொருவர் இல்லை.

பெற்றோர் கூட்டம் வழமையாகக் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கப்படும். அலுவலக ஒழுங்குக்கு அதுதான் வசதி. பால் வெட்டுகிற தாய்க்கோ அந்தப் பத்து மணி, கோப்பைகளிலிருந்து பால் சேர்த்து வாளி நிரப்பும் நேரம். விட்டுவிட்டு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, அரைப்பேராகும், இல்லாவிட்டால் முழுதாகவே போய்விடும். “கூட்டத்துக்கு வரக்கூடாதுன்னு இல்ல சார், ஒரு பேரு போயிருமே” என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுகிறது. வெறுமையாகக் கிடந்த கதிரைகளை எண்ணி எடுத்த முடிவு அது. ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்க வேண்டிய கதிரை அது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் பாடசாலையில் கூட்டத்தைப் பால் அளந்து முடிந்த பின்னேரத்துக்கு மாற்றினோம். நகரத்தில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெற்றோருக்காகச் சில கூட்டங்களைப் போயா நாளில் வைத்தோம். இடத்தையும் மாற்றினோம். பாடசாலை மண்டபத்தில் சுவரோரம் கைகட்டி நின்றவர்கள், கோயில் மண்டபத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். “எம்புள்ளைக்கு நாலாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியலையே, என்னா செய்றீங்க?” என்று ஒரு தகப்பன் எழுந்து கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. அந்தக் கேள்வி வந்தால்தான் அடுத்த வேலை தொடங்கும்.

அவர்கள் கைகட்டி நின்றதற்கு நூறு ஆண்டுக் காரணம் இருக்கிறது. ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தோட்ட உரிமையாளர்களே பள்ளி நடத்த வேண்டும் என்று 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது. பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு லயக் காம்பராவும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தவர் தோட்டத் துரை, பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்து நாடே புதிய பாதையில் நடந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. மூன்றே ஆண்டுகளில், 1948 இல், இந்த மக்களின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. தோட்டப் பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிடைத்தது, இங்கே என் வயதொத்தவர்கள் கண்ணெதிரே வந்து சேர்ந்தது. துரையின் பள்ளி அரசின் பள்ளியானது. தங்கள் பள்ளி என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பைத்தான் அந்த மக்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆகவே தோட்டத்தில் பெற்றோர் உறவு என்று பேசத் தொடங்கும் அதிபர், இல்லாமல் போன ஒன்றை மீட்கப் போகவில்லை, இதுவரை இருந்திராத ஒன்றை முதல் தடவையாக உண்டாக்கப் போகிறார். அதற்கு வேண்டிய பொறுமையோடு போக வேண்டும்.

பெற்றோர் பங்கெடுக்க முறையான ஏற்பாடு இல்லாமல் இல்லை. பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006 இல் தொடங்கியபோது, பாடசாலை அபிவிருத்திக் குழுவில் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லோரும் இடம்பெற்றார்கள். ஐந்தாண்டுத் திட்டம், வருடாந்தத் திட்டம், கணக்கு எல்லாம் அந்தக் குழுவின் கையில் வந்தன. ஹர்ஷ அத்துருபானவும் சக ஆய்வாளர்களும் அந்தத் திட்டத்தின் பலனை அளந்து 2014 இல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். நான்காம் தரப் பிள்ளைகளின் கணிதமும் ஆங்கில வாசிப்பும் கண்கூடாக உயர்ந்திருந்தன. தாய்மொழி வாசிப்பில், சிங்களத்திலோ தமிழிலோ, அப்படி உயர்வு தெரியவில்லை. எட்டாம் தரத்தில் எந்தப் பாடத்திலும் மாற்றம் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சோதித்தது. பாடசாலையின் நிலையை ஒரு தேர்ச்சி அறிக்கையாக அச்சிட்டுப் பெற்றோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் எந்தப் பயனும் விளையவில்லை.

என் தொழில் வாழ்க்கையில் இந்த ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. அதில் நான் இரண்டு விடயங்களைக் கண்டேன். தாளைக் கொடுத்தனுப்பினால் உறவு வராது, உட்கார்ந்து பேசினால் வரும் என்பது ஒன்று. குழு கூடித் திட்டம் போடுவது கணிதத்தைத் தூக்கலாம், பிள்ளையின் தாய்மொழி வாசிப்பு வீட்டுக்குள் போகாமல் அசையாது என்பது மற்றது. இரண்டாவது என் ஊகம். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் லயத்தில் விளக்கடியில் நடப்பதைப் பார்த்தவன் என்ற வகையில் அந்த ஊகத்தின் மேல்தான் எங்கள் பாடசாலையின் வேலையை அமைத்தேன்.

பெற்றோரிடம் என்ன கேட்பது என்பதில் அதிபர்மார் பலருடைய மனம் பணத்தைச் சுற்றியே நிற்கிறது. கதிரைக்கு இவ்வளவு, வர்ணப்பூச்சுக்கு இவ்வளவு. நாட்கூலிக் குடும்பத்திடம் பணம் கேட்பது அவர்களிடம் மிகக் குறைவாக உள்ளதைக் கேட்பது. நாங்கள் கேட்டது காது. ஒவ்வோர் இரவும் பத்து நிமிடம் பிள்ளை உரக்க வாசிக்க வேண்டும், வீட்டில் யாராவது ஒருவர் வேறு வேலை பார்க்காமல் கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் கொப்பியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கேட்பவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கையெழுத்துத் தெரியாத பாட்டிமார் பலர் இதில் முன்னுக்கு நின்றார்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது, எங்கே வாசிப்பது போல் பாவனை செய்கிறது என்பது அவர்களுக்கு எழுத்துத் தெரியாமலே தெரிந்தது. “நேத்து வாசிச்ச கதையவே இன்னைக்கும் சொல்லுது டீச்சர், பொஸ்தகத்த மாத்துங்க” என்று ஒரு பாட்டி பாடசாலை வாசலில் வந்து முறையிட்டார். எந்தத் தேர்ச்சி அறிக்கையும் இவ்வளவு நுட்பமான தகவலை எனக்குத் தந்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் புள்ளிகளை வாசித்துக் காட்டவில்லை. பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் நிறுத்தி வாசிக்க வைத்தோம். தங்கள் காது என்ன செய்தது என்பதைப் பெற்றோர் தங்கள் காதாலேயே கேட்டார்கள். இதைத்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். உதவி கேட்டு ஒருவரிடம் போகிறோம், அவர் தருகிறார், நாம் நன்றி சொல்லி வந்துவிடுகிறோம். அத்தோடு முடிந்தால் அது தானம். தந்ததால் என்ன ஆனது என்று சொல்ல மறுபடி போக வேண்டும். கேட்கப் போகும் தடவையைவிடச் சொல்லப் போகும் தடவை கூடுதலாக இருக்க வேண்டும். நாம் வருவதைப் பார்த்ததும் ‘எதையோ கேட்க வருகிறார்’ என்று முகம் சுருங்காத இடங்களில்தான் உறவு இருக்கிறது.

தோட்ட நிருவாகத்தோடு இது இன்னும் நுட்பமான வேலை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின, 1992 இல் அவற்றுள் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு உரியது. அது நிற்கும் மேட்டைச் சுற்றியுள்ளதெல்லாம் தோட்டத்துக்கு உரியது. குழாய் வரும் தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகள் நடந்துவரும் பாதை, மழையில் சரியும் மண்கரை, எதைத் தொட்டாலும் நிருவாகத்தின் எல்லைக்குள் கால் வைக்க வேண்டும். துரைமார் நிலையாக இருப்பதில்லை. ஒருவர் வாயால் சொன்ன சம்மதம் அடுத்தவர் வந்ததும் காற்றில் போகும். எனவே பேசியதை அன்றே ஒரு பக்கக் கடிதமாக எழுதி, இரண்டு தரப்பும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைத் தோட்டக் கந்தோரில் வைக்கும் பழக்கத்தை உண்டாக்கினோம். புதிதாக வருகிற துரையிடம் அந்தக் கோவையோடு போவேன். முதல் சந்திப்பில் எதுவும் கேட்பதில்லை. உங்களுக்கு முன்பிருந்தவர் தந்த குழாயால் இப்போது கழிவறை நாள் முழுதும் பாவனையில் உள்ளது, பெரிய பெண்பிள்ளைகள் இடைநடுவில் வீட்டுக்குப் போவது குறைந்துள்ளது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தேவைப்பட்டியல் அடுத்த மாதம் போகும்.

மிளகுப் பருவத்தில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பிரச்சினைக்கு எத்தனை கதவுகள் தட்ட வேண்டியிருக்கிறது என்பதை அதில்தான் கண்டேன். பருவம் வந்தால் மேல் வகுப்புப் பையன்கள் காணாமல் போய்விடுவார்கள். மிளகுக்கொடி ஏற உடம்பு இலேசானவர்கள் வேண்டும், கையில் காசும் உடனே வரும். தோட்ட நிருவாகம் இதில் விரைவாக இணங்கியது. ஏற்றுமதிக்கான தரச்சான்றிதழ்கள் சிறுவர் உழைப்பைத் தடைசெய்கின்றன, பாடசாலை நேரத்தில் பிள்ளை ஒன்று மலையில் நிற்பது அவர்களுக்கும் ஆபத்து. ஆனால் பையன்கள் போனது பெரும்பாலும் தோட்டத்துக்கு அல்ல, பக்கத்துக் கிராமத்தின் வீட்டுத் தோட்டங்களுக்கு. அந்தக் குடும்பங்களும் சிறு விவசாயிகள்தான். பருவத்தில் பறிக்காவிட்டால் அவர்களுடைய ஆண்டு வருமானம் கொடியிலேயே உதிரும். அவர்களைக் குற்றவாளியாக்கிப் பொலிஸுக்கும் நன்னடத்தை அலுவலகத்துக்கும் எழுதலாம் என்றார் ஒருவர். எழுதியிருந்தால் ஒரு பருவம் தடுத்திருப்போம், ஒரு தலைமுறைப் பகையைச் சம்பாதித்திருப்போம்.

எங்கள் சிங்கள ஆசிரியையை அழைத்துக்கொண்டு பன்சலவுக்குப் போனேன். தேரரிடம் பையன்களின் வரவுப் பதிவேட்டைக் காட்டினோம். பருவத்துக்கு முந்தைய மாதமும் பருவ மாதமும் பக்கத்தில் பக்கத்தில். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குப் பாடசாலை விடும் என்று மட்டும் கேட்டார். அடுத்த போயாவில் வந்தவர்களிடம் அவர் பேசினார். பாடசாலை விடும்வரை சீருடை வயதுப் பிள்ளை எவரையும் கொடியில் ஏற்றுவதில்லை என்று கிராமம் ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கமிருந்தும் ஒன்று கொடுத்தோம். வேலை தேடும் பெரியவர்களின் விபரத்தைத் தோட்டத் தலைவர்மார் மூலம் கிராமத்துக்குத் தெரியப்படுத்தினோம். எல்லாப் பையன்களும் திரும்பி வரவில்லை. பெரும்பாலோர் வந்தார்கள். பருவம் முடிந்ததும் புதிய வரவுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி பன்சலவுக்குப் போனோம். அந்த இரண்டாவது பயணத்துக்குப் பிறகுதான், பிரதேச சபையில் பாதை விளக்குக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ்ப் பாடசாலையின் பாதையையும் சேர்த்து எழுதுங்கள் என்று கிராமத்தவர்கள் தாங்களாகவே சொன்னார்கள்.

யாரையும் குற்றவாளியாக்காமல் பேசும் இந்த வழிக்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரின் இரண்டு வறிய பாடசாலைகளில் 1968 இல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய வேலை பின்னர் பல நாடுகளில் பேசப்பட்டது. அவருடைய கூட்டங்களுக்கு மூன்று விதிகள்: யார் பிழை என்று தேடக்கூடாது, வாக்கெடுப்பு வேண்டாம் பேசி இணங்க வேண்டும், அதிபரின் கையையும் கட்டக்கூடாது அதிபரும் தனியே முடிவெடுக்கக்கூடாது. முதல் விதியை நாங்கள் கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுவோம். தோட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சங்கங்கள் இருக்கும்போது இந்த விதி உயிர் காக்கும். ஒரு தலைவரின் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு மற்றவர் வீட்டைக் கடந்து போனால், மறுநாள் பாடசாலை ஒரு சங்கத்தின் பாடசாலையாகிவிடும். ஒரே பின்னேரத்தில் எல்லாத் தலைவர்மாரையும் மாதர் சங்கத் தலைவியையும் பார்த்துவிடுவேன். எல்லோரிடமும் ஒரே விடயத்தை ஒரே சொற்களில் சொல்வேன்.

ஆசிரியர்களைப் பற்றிப் பேசாமல் உறவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. 2014, 2015 காலத்தில் மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பஸ் கட்டணத்துக்கே பாதி போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்து, உயர்தரம் எழுதி, அந்தத் தொகைக்கு வகுப்பில் நின்ற அந்த இளைஞர்களை வைத்துத்தான் பல பாடசாலைகள் மூச்சு விட்டன. அவர்களுக்கு மதியச் சோறு எந்த வீட்டில், மழை பிடித்தால் தங்குவது எங்கே என்று பெற்றோர் குழு பொறுப்பெடுத்தபோது, ஆசிரியரும் ஊரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தார்கள். 2020 இல் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டதும், 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றதும், நாட்டையே உலுக்கிய சோதனைகள். தொலைபேசி இல்லாத லயங்களுக்குப் பயிற்சித் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியதைத் திரும்ப வாங்கி வந்தவர்கள், ஏற்கெனவே அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். அந்த நாட்களில் புதிதாக உறவு உண்டாக்க நேரம் இருக்கவில்லை. முன்பே இருந்தது உதவியது.

பணமும் வேண்டும்தான். கூரைக்கும் மேசைக்கும் காது போதாது. இதில் எனக்கு வழிகாட்டி நெ. து. சுந்தரவடிவேலு. காமராசர் காலத்துச் சென்னை மாநிலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர். 1958 முதல் மாவட்டம் மாவட்டமாக அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு ஊரார் மேசையும் கடிகாரமும் காணியும் கட்டடமும் கொண்டுவந்தார்கள். மாநாட்டின் ஆரவாரத்தை விட அதற்கு முந்தைய வேலைதான் என்னைக் கவர்ந்தது. தங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் பெயராகப் பட்டியலிட்டார்கள். ‘பாடசாலைக்கு உதவுங்கள்’ என்றால் கை நீளாது. ‘மூன்றாம் தரத்துக்கு இரண்டு நீள மேசை, தச்சர் இன்னார், விலை இவ்வளவு’ என்றால் ஒரு மேசையை ஒருவர் எடுத்துக்கொள்வார். மாத்தளைக் கடைத்தெருவில் எங்கள் பழைய மாணவர் சிலர் சின்னச் சின்ன வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பட்டியலோடுதான் போனோம். வந்த ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு. வரவு செலவு பாடசாலைச் சுவரில் பெரிய எழுத்தில். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் உரக்க வாசிப்பு. மீதி முப்பது ரூபா என்றாலும் முப்பது ரூபா என்று சொல்ல வேண்டும். இதில் தளர்ந்த பாடசாலைகளில் அபிவிருத்திச் சங்கம் இரண்டாகப் பிளந்ததையும், பிளவின் செலவைப் பிள்ளைகள் கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது பெற்றோரே மாறிக்கொண்டிருக்கிறார்கள். பால் வெட்டும் தாய் குறைந்து, கொழும்பில் தையல் தொழிற்சாலையிலும் மத்திய கிழக்கில் வீட்டு வேலையிலும் இருக்கும் தாய் கூடிவிட்டார். பிள்ளை பாட்டியிடம். பெரட்டு நேரம் அறிந்து கூட்டம் வைத்த என் அறிவு இவர்களுக்குப் போதாது. வகுப்பாசிரியர்கள் இப்போது கைத்தொலைபேசியில் குரல் பதிவாக அனுப்புகிறார்கள். பிள்ளை வாசித்த அரை நிமிடத்தையும் அதோடு சேர்த்து அனுப்புகிறார்கள். ஓய்வு கிடைக்கும் நேரத்தில் தாய் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புகிறார். அந்தப் பதிலைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவது வகுப்பாசிரியரின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. பாட்டிமாருக்குக் குழுவில் பெற்றோருக்குரிய இடம் கொடுத்திருக்கிறோம், பேசுவதற்கும் முடிவெடுப்பதற்கும்.

எங்களோடு முடியாத ஒரு வேலையும் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் கடைசி வகுப்பை முடித்த பிள்ளை மாத்தளைக்குப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து பஸ், புதிய சீருடை, பெரிய வகுப்பு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. முதல் தவணையிலேயே சிலர் நின்றுவிடுகிறார்கள். நம் பதிவேட்டில் அவர்கள் சித்தியடைந்தவர்கள், மாத்தளைப் பாடசாலையின் பதிவேட்டில் விலகியவர்கள். இரண்டு பாடசாலைக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கு ஆளில்லை. இப்போது மாத்தளையில் ஓர் அதிபர் ஒத்துழைக்கிறார். தவணை தொடங்கி மூன்றாவது வாரத்தில், நாங்கள் அனுப்பிய பிள்ளைகளில் வராதவர்களின் பெயரை அவர் தருகிறார். நாங்கள் அன்று பின்னேரமே லயத்துக்குப் போகிறோம். பஸ் பருவச்சீட்டுத்தான் தடை என்றால் அது பட்டியலில் ஏறும். சப்பாத்துத்தான் தடை என்றால் அதுவும் ஏறும். பையன் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டான் என்றால் இலக்கத்தை வாங்கிக்கொண்டு அன்றிரவே அழைப்போம்.